தண்டனையா, சோதனையா?

தலைவர்களின் வாழ்க்கை வரலாறு என்றாலே பிறந்தார், வளர்ந்தார், போராடினார், மறைந்தார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவதுதான் மலர்களில் வழக்கம். நான் தந்தை பெரியாரைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். ஆனால் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறேன். காரணம், அவர் நோயில் கிடந்ததைப் பற்றி ஊர் உலகம் என்ன பேசியது என்பதுதான் எனக்கு ரொம்ப நாளாக மனசில் கிடக்கிற விஷயம்.

1973-ம் வருஷம் டிசம்பர் 19. சென்னை தியாகராய நகரில் பொதுக்கூட்டம். மேடையில் பேசுகிறவருக்கு வயசு 94. எழுந்து நிற்க முடியாது. குடலிறக்க நோய். அதோடு மூத்திரம் தானாகப் பிரியாமல், ரப்பர் குழாய் வைத்துப் பாத்திரத்தில் பிடிக்க வேண்டிய நிலைமை. அந்தக் குழாயோடும் பாத்திரத்தோடும்தான் கடைசிக் காலத்தில் தமிழ்நாடு முழுக்க வேனில் சுற்றினார். அன்றைக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே வலி வந்துவிட்டது. பேச்சு நிற்கிறது, முனகுகிறார், கூட்டம் அமைதியாகக் காத்திருக்கிறது, மறுபடியும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். அந்தப் பேச்சின் ஒலிப்பதிவு இருக்கிறது. ஹாஸ்டலில் ஒரு ராத்திரி செல்போனில் போட்டுக் கேட்டோம். கூட இருந்த தோழி ஒருத்தி பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். அவளால் அந்த முனகலைத் தாங்க முடியவில்லை.

அவ்வளவு வலியிலும் அவர் பேசியது என்ன தெரியுமா? கோயில் கருவறைக்குள் போக ஒரு சாதிக்கு மட்டும்தான் உரிமை என்றால், மற்ற எல்லாரும் பிறப்பிலேயே தாழ்ந்தவர்கள் என்றுதானே அர்த்தம், அந்த இழிவு போக வேண்டாமா என்பதுதான். சாமி இல்லை என்கிறவர், சாமி கும்பிடுகிறவர்களுக்காகக் கடைசிப் பேச்சைப் பேசியிருக்கிறார். இதை யோசித்துப் பாருங்கள்.

அவர் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். 1879 செப்டம்பர் 17-ல் ஈரோட்டில் பிறந்தார். அப்பா வெங்கட்ட நாயக்கர், பெரிய வியாபாரி. பள்ளிக்கூடம் சில வருஷம்தான், அதற்குமேல் படிப்பு ஏறவில்லை. கடையில் உட்கார்ந்துவிட்டார். 1904-ல் வீட்டில் கோபித்துக்கொண்டு காசிக்குப் போனார். சாமியாராகி விடலாம் என்றுகூட நினைத்திருக்கிறார். அங்கே சத்திரத்தில் பிராமணர்களுக்கு மட்டும்தான் சோறு என்று வாசலில் தடுத்துவிட்டார்கள். பசி தாங்காமல் எச்சில் இலையில் கிடந்ததை எடுத்துச் சாப்பிட்டார். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒரு வேளைச் சோறு கற்றுக்கொடுத்ததை எந்தப் பள்ளிக்கூடமும் கற்றுக்கொடுத்திருக்காது என்பது என் எண்ணம்.

ஊருக்குத் திரும்பினார். ஈரோட்டில் பிளேக் பரவியபோது, சொந்தக்காரர்களே பிணத்தை விட்டுவிட்டு ஓடிய நேரத்தில், இவர் தோள் கொடுத்துத் தூக்கிப் போய் அடக்கம் செய்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நகராட்சித் தலைவராக இருந்து காவிரித் தண்ணீரைக் குழாய் வழியாக ஊருக்குக் கொண்டுவந்தார். (சிவில் பிரிவுத் தோழர்கள் கவனிக்க!) காங்கிரஸில் சேர்ந்தார், கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றார், 1924-ல் வைக்கம் போய் ஜெயிலுக்குப் போனார். 1925-ல் காஞ்சிபுரம் மாநாட்டோடு காங்கிரஸை விட்டு வெளியே வந்தார். அதே வருஷம் குடி அரசுப் பத்திரிகை. பிறகு சுயமரியாதை இயக்கம், இந்தி எதிர்ப்பு, 1944-ல் திராவிடர் கழகம். இதையெல்லாம் பாடப் புத்தகத்திலேயே படித்திருக்கிறோம்.

பாடப் புத்தகத்தில் இல்லாதது, அவர் மேல் ஜனங்களுக்கு இருந்த கோபம். 1953-ல் பிள்ளையார் சிலையை உடைத்தார். 1971-ல் சேலத்து ஊர்வலத்தில் ராமர் படத்தைச் செருப்பால் அடித்தார்கள். எத்தனை பேர் மனசு புண்பட்டிருக்கும்! எங்கம்மா இன்றைக்குக் கேட்டாலும் காதைப் பொத்திக்கொள்வாங்க. எனக்கும் அந்த உடைத்த விஷயம் பிடிக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் 1944-ல் கடலூரில் அவர் மேல் செருப்பு வீசினார்கள். ஒற்றைச் செருப்பு யாருக்கும் உதவாதே என்று இன்னொன்றையும் வாங்கிக்கொள்ள வண்டியைத் திருப்பச் சொன்னாராம் அவர். அந்தக் குணம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்படிப்பட்ட ஒருத்தருக்கு நோய் வந்தால் ஊர் சும்மா இருக்குமா? சாமியை ஏசினார், சாமி கூலி கொடுத்துவிட்டது என்றார்கள். மூத்திரச் சட்டி என்ற சொல் அப்படித்தான் மேடைப் பேச்சுக்குள் வந்தது. வேண்டாதவர்கள் அதைக் கேலியாகச் சொன்னார்கள். வேண்டியவர்கள் அதே சொல்லை எடுத்து, இந்த வயசிலும் மூத்திரச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நமக்காக அலைகிறாரே என்று கண் கலங்கச் சொன்னார்கள். சட்டி ஒன்றுதான், சொல்லும் ஒன்றுதான். இன்றைக்கும் ரெண்டு விதமாகவும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கட்சிக் கூட்டத்துக்குப் போகிறோம் என்பதைப் பொறுத்தது.

இந்த இடத்தில் எங்க ஊர் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். எங்க ஊர் திருமானூர், கொள்ளிடக்கரை. பாலத்தைத் தாண்டினால் தஞ்சாவூர்ப் பக்கம். நோயையும் சாமியையும் சேர்த்துப் பேசுவது எங்க பக்கத்துக்குப் புதுசு இல்லை. பக்கத்து ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் இருந்தபோது, அரியலூர் மழவராயருக்கு வந்த ராஜபிளவைக் கட்டி மாதா அருளால் குணமானது, அதற்காக நிலம் கொடுத்தார் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். இந்துக்களும் அந்த மாதா கோயிலுக்குப் போவோம். சமயபுரத்துக்கும் நடந்து போவோம்.

எங்க தாத்தா வருஷா வருஷம் சமயபுரம் நடந்து போனவர். கூலி வேலைதான், எழுதப் படிக்கத் தெரியாது. எங்க வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல். தாத்தாவுக்கு எழுபத்தெட்டு வயசில் மூத்திரம் அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு, காலோடு ஒரு பையைக் கட்டி அனுப்பினார்கள். டாக்டர் படம் வரைந்து காட்டினார். மூத்திரப் பைக்குக் கீழே, குழாயைச் சுற்றி, ஆண்களுக்கு மட்டும் ஒரு சுரப்பி இருக்கிறது. புராஸ்டேட் என்று பெயர். வயசானால் அது வீங்கும். வீங்கினால் நடுவில் போகிற குழாயை நெரிக்கும். ஹைட்ராலிக்ஸ் படிக்கிற நமக்கு இது புரியாதா? விட்டம் குறைந்தால் ஓட்டம் குறையும், அவ்வளவுதான். எண்பதைத் தாண்டிய ஆண்களில் பெரும்பாலோருக்கு இந்த வீக்கம் உண்டு என்றார். நாமம் போட்டவருக்கும் உண்டு, நீறு பூசியவருக்கும் உண்டு, தொழுகிறவருக்கும் உண்டு.

தாத்தாவைப் பார்க்க வந்தவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னாங்க. நல்ல மனுஷனைத்தான் ஆத்தா சோதிப்பா, கவலைப்படாதீங்க என்று. கேட்க ஆறுதலாக இருந்தது. அதே வருஷம் அடுத்த தெருவில், கருப்புச் சட்டை போடுகிற பெரியவர் ஒருத்தருக்கும் இதே அடைப்பு, இதே குழாய், இதே பை. அவர் வாசலைத் தாண்டும்போது அதே ஜனங்க சொன்னது வேற. சாமி குத்தம், வாய்க் கொழுப்புக்குக் கிடைச்சது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாங்க. ஒரு குழாய் எங்க வீட்டில் சோதனை, அந்த வீட்டில் தண்டனை! எனக்கு அப்போது பதினாறு வயசு. அன்றைக்குப் பிடித்த குழப்பம்தான் இந்தக் கட்டுரை.

தாத்தா ஒரு சாயங்காலம் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பெரியவர் வீட்டுத் திண்ணைக்கே போய்விட்டார். ரெண்டு பேரும் யாருடைய பை சீக்கிரம் நிறைகிறது, எந்தப் பக்கம் படுத்தால் குழாய் இழுக்காது என்று பேசிக்கொண்டிருந்தாங்க. சாமியைப் பற்றி ஒரு பேச்சும் வரவில்லை.

பெரியார் ஒருத்தருக்கு மட்டும் நடந்தது இல்லை இது. சாமி இல்லை என்று சொன்னவர் படுக்கையில் விழுந்தால், சுற்றி நிற்பவர்கள் அவர் முகத்தையே பார்ப்பார்கள், இப்போதாவது பயப்படுகிறாரா, கையெடுத்துக் கும்பிடுகிறாரா என்று. ஸ்காட்லாந்தில் டேவிட் ஹியூம் என்ற தத்துவ அறிஞர் 1776-ல் வயிற்று நோயில் கிடந்தபோது, பாஸ்வெல் என்ற எழுத்தாளர் இதைப் பார்ப்பதற்காகவே ஜூலை மாதம் போனார். ஹியூம் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். பயந்துபோனது பார்க்கப் போனவர்தான். அடுத்த மாதம் ஹியூம் இறந்தார். நம் பகத்சிங்கிடமும் சாவு நெருங்கினால் நம்பிக்கை வந்துவிடும் என்று ஜெயிலில் சொன்னார்கள். 1930-ல் அதற்குப் பதிலாகத்தான் தான் ஏன் நாத்திகன் என்று எழுதினார், அடுத்த மார்ச்சில் தூக்குமேடைக்குப் போனார். அந்தக் கட்டுரையைத் தமிழாக்கியவர் ஜீவா. வெளியிட்டது பெரியாரின் இயக்கம்.

நம் காலத்திலும் நடந்தது. கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸ் என்று இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எழுத்தாளர், கடவுள் மறுப்பைப் புத்தகமாகவே போட்டவர். 2010-ல் அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். கடவுளைத் திட்டிய தொண்டையிலேயே நோய் வந்தது பார் என்று சிலர் சந்தோஷப்பட்டார்கள். அவருடைய அப்பாவும் அதே உறுப்பில் புற்றுநோய் வந்துதான் இறந்தார், இவரும் நிறையப் புகை பிடித்தவர் என்பதெல்லாம் அவர்கள் கணக்கில் வரவில்லை. இன்னும் சிலர் அந்த செப்டம்பர் 20-ந் தேதியை அவருக்காகப் பிரார்த்தனை செய்யும் நாளாக அறிவித்தார்கள். அவர் அதைத் தடுக்கவும் இல்லை, நம்பவும் இல்லை. 2011 டிசம்பரில் இறந்தார். பிரார்த்தனை செய்தவர்களை எனக்குப் பிடித்திருக்கிறது, சந்தோஷப்பட்டவர்களைப் பிடிக்கவில்லை. ரெண்டு பேரும் சாமி கும்பிடுகிறவர்கள்தான் என்பதையும் கவனியுங்கள்.

பெரியாரிடம் திரும்பி வருவோம். அவரைத் திட்டியவர்கள் இருந்த அதே நாட்டில், அவரோடு நெருங்கிப் பழகிய பக்திமான்கள் எத்தனை பேர்! திரு.வி.க. ஈரோட்டுக்கு வந்தபோது காவிரியில் குளித்துவிட்டுக் கரையேற, பெரியாரே திருநீற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம், விருந்தாளிக்கு வேண்டுமே என்று. குன்றக்குடி மடத்துக்குப் போனபோது நெற்றியில் பூசிய நீற்றைத் தடுக்காமல் ஏற்றுக்கொண்டார். பொதுக்கூட்டத்தில் கடவுள் வாழ்த்துப் பாடினால், தள்ளாத வயசிலும் பக்கத்தில் இருப்பவர்களைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார். எல்லாருக்கும் மேலே ராஜாஜி. அரசியலில் இருவரும் கீரியும் பாம்பும். ஆனால் 1949-ல் தன் ரெண்டாம் கல்யாணத்துக்கு முன்னால் திருவண்ணாமலைக்குப் போய் யோசனை கேட்டது ராஜாஜியிடம்தான். 1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி இறந்தார். பெரியார் சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து, எல்லார் முன்னாலும் குழந்தை மாதிரி அழுதார்.

அந்த ரெண்டாம் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த நோய்க் கதை முடியாது. மணியம்மையார் வேலூர்க்காரர். கல்யாணத்தின்போது பெரியாருக்கு எழுபதை நெருங்கிய வயசு, அவருக்கு முப்பதையொட்டி. எவ்வளவு ஏச்சு! சொந்த இயக்கத்திலேயே பெரிய கூட்டம் பிரிந்துபோய் அண்ணா தலைமையில் 1949 செப்டம்பர் 17-ல் தி.மு.க. ஆரம்பித்தது. அந்த வார்த்தைகளையெல்லாம் வாங்கிக்கொண்டு இருபத்து நாலு வருஷம் அவரைக் காப்பாற்றியவர் அந்த அம்மையார். வேளாவேளைக்குச் சாப்பாடு, மருந்து, குழாய், பாத்திரம் எல்லாம் அவர் கைதான். மூத்திரச் சட்டி என்று கேலி பேசியவர்களும் சரி, கண் கலங்கியவர்களும் சரி, அதைச் சுத்தம் செய்த கை யாருடையது என்று கேட்டார்களா? எங்க வீட்டில் தாத்தா பையை நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் காலி செய்தது எங்கம்மா. களை எடுக்கப் போன இடத்திலிருந்து ஓடி வருவாங்க. பார்க்க வந்தவங்க யாரும் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டு வேலை என்றால் யார் கண்ணுக்கும் தெரியாதோ என்னமோ.

டிசம்பர் 20-ந் தேதி பெரியாரைச் சென்னைப் பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள். மறுநாள் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார்கள். அது 1900-ல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க அம்மையார் தொடங்கிய கிறிஸ்தவ மிஷன் ஆஸ்பத்திரி. பிரசவத்தில் தவிக்கும் பெண்களை ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று வீட்டார் தடுத்து, ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் செத்துப்போனதைப் பார்த்துத்தான் அவர் மருத்துவம் படிக்கப் போனார். ஏசுவின் பெயரால் நடக்கிற இடத்தில் நாத்திகர் படுத்திருந்தார். முன்னாடியும் அங்கேதான் வைத்தியம் பார்த்திருக்கிறார். டாக்டர்கள் அவர் நம்பிக்கையைக் கேட்கவில்லை, நோயைப் பார்த்தார்கள். அவரும் ஆஸ்பத்திரியின் சிலுவையைக் கேட்கவில்லை, வைத்தியத்தைப் பார்த்தார். திண்ணையில் உட்கார்ந்த எங்க ஊர்க் கிழவர்கள் ரெண்டு பேரையும் இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன்.

24-ந் தேதி காலை ஏழரை மணிக்குக் கொஞ்சம் முன்னால் உயிர் பிரிந்தது. 94 வயசு மூணு மாசம். தண்டனை என்று பேசியவர்களைப் பார்த்து ஒன்று கேட்கத் தோன்றுகிறது, 94 வருஷம் ஆயுசைக் கொடுத்தது யார்? இது பதிலுக்குப் பதில் பேசுகிற வாய்ச்சவடால்தான், எனக்கே தெரியும். ஆயுசும் வரம் இல்லை, அடைப்பும் சாபம் இல்லை. அப்படிப் பார்த்தால் பாவம் அறியாத பச்சைப் பிள்ளைக்கு வருகிற நோயை என்ன சொல்வோம்?

உடலைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். அரசு மரியாதையோடு அடக்கம் செய்ய வேண்டும் என்று முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி சொன்னபோது, அரசாங்கப் பதவி எதிலும் இல்லாதவருக்கு எப்படிச் செய்வது என்று அதிகாரிகள் தயங்கினார்கள். காந்தி மட்டும் எந்தப் பதவியில் இருந்தார், அவருக்குச் செய்யவில்லையா என்று அவர் கேட்டார். அதனால் ஆட்சி போனாலும் போகட்டும் என்று உறுதியாக நின்றார்.

உடலை வைத்த இடம் ராஜாஜி ஹால். போன வருஷம் இதே மாதத்தில் யாருக்காக நாற்காலியில் உட்கார்ந்து அழுதாரோ, அவர் பெயர் வைத்த கட்டடம். ஜனங்கள் லட்சக்கணக்கில் வந்தார்கள். காமராசர் வந்தார், எம்.ஜி.ஆர். வந்தார். அப்போது அவர்களுக்கும் ஆளுங்கட்சிக்கும் ஆகாது, இருந்தும் வந்தார்கள். சாமி கும்பிடுகிற வீட்டிலிருந்து வந்தவர்கள்தான் அந்தக் கூட்டத்தில் அதிகம் இருந்திருக்க வேண்டும், தமிழ்நாட்டில் வேறு வீடு எத்தனை? 25-ந் தேதி பெரியார் திடலில் அடக்கம் நடந்தது. சடங்கு கிடையாது. அரசு மரியாதை மட்டும்.

கழகத்தின் தலைமையை மணியம்மையார் ஏற்றார். 1978 மார்ச் 16-ல் இறக்கும்வரை அவர்தான் நடத்தினார். டிசம்பர் 19-ந் தேதி வலியோடு பேசிய விஷயம் கோர்ட்டுகளில் பல வருஷம் கிடந்தது. 2021 ஆகஸ்ட் 14-ல் தமிழக அரசு, அர்ச்சகர் பயிற்சி முடித்த பல சாதி இளைஞர்களுக்குக் கோயில்களில் வேலைக்கான ஆணை கொடுத்தது. நாமம் போட்டவர்களும் நீறு பூசியவர்களுமாக வரிசையில் நின்று அதை வாங்கிக்கொண்டார்கள்.